கிருபை பெற்றவனின் பிரயாசம்



சில ஆண்டுகளுக்கு முன்பு, மும்பையில் நாங்கள் கூடும் சிறிய வாடகை மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை உபவாசக் கூட்டத்தின் முடிவில் ஒரு சகோதரர் எழுந்து நின்று சாட்சி சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடி வந்தவர். தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம்மைப் பிடித்திருந்த குடியிலிருந்து கர்த்தர் அன்று தம்மை விடுதலையாக்கினார் என்றார். சபையார் அனைவரும் கைதட்டித் தேவனை ஸ்தோத்திரித்தார்கள். அவருடைய மனைவி பின்வரிசையில் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு அழுதார். அந்தச் சாட்சி பொய்யல்ல. அதன்பின் எழுபது நாட்களுக்கு மேல் அவர் மதுவைத் தொடவில்லை.

பின்பு ஒரு சம்பள நாளில் அவர் மறுபடியும் விழுந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சபையிலிருந்து இருவர் தனித்தனியே அவருடைய வீட்டுக்குச் சென்றோம். முதலில் சென்றவர் அனுபவமுள்ள ஒரு மூப்பர். "நீங்கள் போதுமான அளவு உபவாசிக்கவில்லை. விடுதலை கிடைத்ததும் அசதியாகிவிட்டீர்கள். இன்னும் இருபத்தொரு நாள் உபவாசம் எடுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவதாகச் சென்றவன் நான். "சகோதரரே, நீங்கள் மாம்சத்தில் போராடிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் தோல்வி. முயற்சியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள், அவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். ஆவிக்குரிய ஆலோசனை சொல்லிவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

அவர் தலைகுனிந்தபடியே கேட்டார்: "அண்ணாச்சி, ஒருவர் நான் முயன்றது போதாது என்கிறார். நீங்கள் நான் முயன்றதே தவறு என்கிறீர்கள். நாளைக்கு ஆறு மணிக்குப் பட்டறை விடும்போது நான் என்னதான் செய்வது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அது என்னைத் துளைத்தது. குடிக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல அது. கோபத்தை அடக்க முடியாத தகப்பன், ஜெபத்தில் நிலைக்க முடியாத தாய், கைப்பேசியில் இச்சையின் காட்சிகளைத் தேடி நள்ளிரவில் அழுகிற வாலிபன் ஆகிய எல்லாரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். பரிசுத்தமாகுதல் தேவனுடைய வேலையா, நம்முடைய வேலையா? இரண்டும் என்றால், எது எவ்வளவு?

"ஏனெனில்" என்னும் ஒரு சொல்

இவ்விஷயத்தில் நாம் அடிக்கடி கேட்கும் வேதபகுதி பிலிப்பியர் 2:12,13. சிறையிலிருந்து எழுதுகிற அப்போஸ்தலனாகிய பவுல், முதலாம் வசனத்தில் இரட்சிப்பு நிறைவேறும்படி பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்பட விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறார். அடுத்த வசனத்தில், நமக்குள் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். முயற்சியை வலியுறுத்துகிற பிரசங்கியார் முதல் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். கிருபையை வலியுறுத்துகிறவர் இரண்டாம் வசனத்தில் தொடங்குகிறார். நான் அந்தச் சகோதரரின் வீட்டில் செய்ததும் இதுவே.

இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டுகிற சொல் "ஏனெனில்" என்பது. பவுல் "ஆனாலும்" என்று எழுதவில்லை. "நீங்கள் பாதி செய்யுங்கள், மீதியைத் தேவன் செய்வார்" என்றும் எழுதவில்லை. தேவன் உங்களுக்குள் கிரியை செய்துகொண்டிருக்கிறார், அதனாலேயே நீங்கள் பிரயாசப்படுங்கள் என்கிறார். அவருடைய கிரியை காரணம். நம்முடைய பிரயாசம் அதன் விளைவு. ஒரே வண்டியை இருவர் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளுவதுபோன்றதல்ல இது. குழந்தை நடக்கப் பழகும்போது தாய் இரு கைகளையும் பிடித்திருக்கிறாள். எடுத்துவைக்கப்படும் அடி குழந்தையினுடையதுதான். ஆனால் அந்தக் கை விலகினால் அடியும் இல்லை.

இவ்விடத்தில் தேவனுடைய செயலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் எனெர்கேயோ. ஆங்கிலத்தில் எனர்ஜி என்று நாம் அறிந்த சொல்லின் வேர் இதிலேயே இருக்கிறது. கொலோசெயர் 1:29-ல் பவுல் இதே சொல்லைத் தம்முடைய ஊழியத்தைக்குறித்துப் பயன்படுத்துகிறார். தமக்குள் வல்லமையாய்க் கிரியை செய்கிற அவருடைய பலத்தின்படி, தாம் பிரயாசப்பட்டுப் போராடுவதாக அவர் கூறுகிறார். போராட்டத்தைக் குறிக்க அங்கே வருவது மல்யுத்தக்களத்திலும் பந்தயத்திலும் வழங்கிய சொல். தசை இறுகுகிற, வியர்வை சிந்துகிற போராட்டம் அது. அந்தப் பலமோ அவருடையதல்ல. 1 கொரிந்தியர் 15:10-லும் இதே அமைப்பைக் காணலாம். எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகச் சொல்லிவிட்டு, உடனே அதைத் தான் செய்யவில்லை, தன்னுடனிருக்கும் கிருபையே செய்தது என்று திருத்திக்கொள்கிறார். கிருபை பவுலைச் சோம்பேறியாக்கவில்லை; மற்ற யாவரைக்காட்டிலும் அதிகம் உழைக்கிறவராக்கியது.

இன்னொன்றையும் அன்று நான் கவனித்ததில்லை. பிலிப்பியருக்கு எழுதப்பட்ட அந்தக் கட்டளை பன்மையில் இருக்கிறது. ஒரு தனி மனிதன் தன் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு செய்யவேண்டிய பிரயாசமாக அது சொல்லப்படவில்லை. ஒரு சபை சேர்ந்து செய்யவேண்டியது அது. விழுந்துபோன சகோதரரின் வீட்டுக்கு ஆலோசனையை மட்டும் எடுத்துச்சென்ற எனக்கு இந்தப் பன்மை பிற்பாடுதான் உறைத்தது.

லண்டனில் ஒரு பிளவு

இது பழைய வழக்கு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியு என்னும் துறவி, மனிதன் மனம்வைத்தால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்று போதித்தார். ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் "நாங்கள் பலவீனர்" என்று சொல்லிப் பாவத்தில் சொகுசாக இருந்ததே அவரைக் கோபப்படுத்தியது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்துப் பேராயர் அகஸ்டின் அவரை எதிர்த்தார். இச்சையோடு பல ஆண்டுகள் போராடித் தோற்றவர் அகஸ்டின். மனம்வைக்கவே கிருபை வேண்டும் என்பதை அவர் புத்தகத்தில் மட்டும் படித்தவரல்ல. 418-ல் கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது.

நமக்கு அதிகம் பயன்படுவது மறுபக்கத்துத் தவறைக் காட்டுகிற ஒரு நிகழ்ச்சி. அது 1740-ல் லண்டனில் நடந்தது. நான் அந்தச் சகோதரருக்குச் சொன்ன ஆலோசனையை அங்கே ஒரு கூட்டம் முழுவதும் கைக்கொள்ள முயன்றிருக்கிறது.

ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்தபோது புதனும் வெள்ளியும் உபவாசித்தார்; சிறைக்கைதிகளைச் சந்தித்தார்; ஒவ்வொரு மணிநேரத்துக்கும் கணக்கு வைத்தார். ஜார்ஜியாவுக்கு ஊழியராகக் கப்பலேறினார். இத்தனைக்கும் நடுவே தமக்குச் சமாதானம் இல்லை என்பதை அவரே எழுதிவைத்தார். மொரேவிய சகோதரர்களின் நட்பினாலே விசுவாசத்தின் இரகசியத்தைக் கற்றார். 1738 மே 24 மாலையில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது, கிறிஸ்துவையே நம்பும் நிச்சயம் அவருக்குக் கிடைத்தது. இதுவரை நம்மில் பலர் அறிந்த வரலாறு.

அதன்பின் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வெஸ்லியும் மொரேவிய நண்பர்களும் பெட்டர் லேன் என்னும் தெருவில் ஒரு ஐக்கியமாகக் கூடிவந்தார்கள். 1739-ன் பிற்பகுதியில் மோல்தர் என்னும் இளம் மொரேவியப் போதகர் அங்கே வந்தார். பூரண விசுவாசம் கிடைக்காதவர்கள் அதைப் பெறும்வரை சும்மாயிருக்கவேண்டும் என்பது அவருடைய போதனை. ஆலயத்துக்குப் போகவேண்டாம், இராப்போஜனத்தில் பங்குபெறவேண்டாம், வேதம் வாசிக்கவோ ஜெபிக்கவோ நற்கிரியை செய்யவோ வேண்டாம், இவையெல்லாம் சுயகிரியையை நம்புவதாகிவிடும். சங்கீதம் 46:10-ல் வருகிற அமர்ந்திருத்தல் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. கேட்பதற்கு மிக ஆவிக்குரியதாகத் தோன்றும் போதனை! பலர் அதற்கு இணங்கினார்கள். தங்களுக்கு முன்பு இருந்த சிறிய விசுவாசமும் விசுவாசமல்லவோ என்று கலங்கி, வேதத்தை மூடிவைத்தவர்கள் உண்டு.

வெஸ்லி பல மாதங்கள் பேசிப் பார்த்தார். ஜெபமும் வேதமும் இராப்போஜனமும் நாம் தேவனுக்குச் செலுத்தும் கட்டணமல்ல, தேவன் தம்முடைய கிருபையை நமக்குக் கொண்டுவரும் வாய்க்கால்கள் என்பது அவருடைய வாதம். தாகமுள்ளவனை "தாகம் தீரும்வரை கிணற்றண்டை போகாதே" என்று தடுக்கலாமா? 1740 ஜூலையில் அவர் ஓர் அன்பின் விருந்துக் கூட்டத்தில் தம் மறுப்பை வாசித்துவிட்டு வெளியேறினார். சிலர் அவரோடு எழுந்துவந்தார்கள். பீரங்கி வார்க்கும் பழைய உலைச்சாலை ஒன்றில் அவர்கள் கூடினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1785-ல், முதியவரான வெஸ்லி பிலிப்பியர் 2:12,13-ஐ வைத்து ஒரு பிரசங்கத்தை வெளியிட்டார். அதன் சாரம் எளிது: தேவன் கிரியை செய்கிறபடியால் உன்னால் முடியும், தேவன் கிரியை செய்கிறபடியால் நீ செய்தே ஆகவேண்டும்.

மொரேவியர்களுக்கு அநியாயம் செய்யக்கூடாது. 1732 முதல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளிடத்திலும், 1760-ல் நம்முடைய தரங்கம்பாடிக்கும் ஊழியர்களை அனுப்பியவர்கள் அவர்கள். சோம்பேறிகளாக இருந்தால் இது நடந்திராது. லண்டனில் ஒரு காலத்தில், ஒரு குழுவில் எழுந்த மிகைபாடு அது. ஆனாலும் அதை வாசித்தபோது என் முகம் எனக்கே தெரிந்தது. ஒப்புக்கொடுத்தல் என்னும் அருமையான சொல்லை, ஒரு மனிதனை ஆயுதமின்றி நிறுத்தும் சொல்லாக நானும் ஆக்கியிருந்தேன்.

நம் இரயில் கடந்துபோகும் ஓர் ஊர்

மும்பையிலிருந்து புனே, சோலாப்பூர் வழியாக ஊருக்குச் செல்லும் நம்மவர்கள், புனேயைத் தாண்டி ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், தவுண்ட் சந்திப்புக்கு முன்னே, கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கிறார்கள். பெரும்பாலோர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டோ உறங்கிக்கொண்டோ இருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே போய்வந்தேன். பண்டித ரமாபாய் ஏற்படுத்திய முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது.

1858-ல் பிறந்த ரமாபாய் சமஸ்கிருதத்தில் தேர்ந்த பண்டிதருடைய மகள். பெற்றோரும் பிள்ளைகளும் புண்ணியஸ்தலம் புண்ணியஸ்தலமாக நடந்தே நாட்டைச் சுற்றினார்கள். தானமும் நோன்புமாகக் கையிருப்பு கரைந்தது. 1870-களின் பஞ்சத்தில் தாய் தந்தையரும் சகோதரியும் மாண்டார்கள். பிழைத்த ரமாபாய்க்கு 1878-ல் கல்கத்தாவில் அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தார்கள். திருமணமாகி இரண்டு ஆண்டுகளுக்குள் விதவையானார். கைக்குழந்தையோடு 1883-ல் இங்கிலாந்து சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்றார். 1889-ல் மும்பையில் விதவைகளுக்கென்று சாரதா சதன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது.

இவ்வளவும் செய்த பிறகு, தமக்குக் குறைவான ஒன்று இருந்ததாக அவரே 1907-ல் எழுதிய சாட்சியில் அறிக்கையிடுகிறார். ஞானஸ்நானம் பெற்ற நாளில் கிறிஸ்தவ மார்க்கம் தமக்குக் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று அவர் கண்டார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1891 வாக்கில், வேதத்தின் மூலமாயும், தாமே தம் பிரசங்கத்தின் நடுவில் மனந்திரும்பிய ஹாஸ்லம் என்னும் ஆங்கிலப் போதகரின் வரலாற்றின் மூலமாயும், தாம் இரட்சிப்புக்காகச் சேர்த்துக்கொள்ளவேண்டியது ஒன்றும் இல்லை, அதை இலவசமாகப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று உணர்ந்தார். உழைப்புக்குப் பஞ்சமில்லாத ஒரு பெண்மணி, உழைப்பினால் எட்ட முடியாததை இலவசமாகப் பெற்றுக்கொண்டார்.

அதன்பின் அவர் ஓய்ந்திருந்தாரா? கேட்காவில் நிலம் வாங்கிக் கிணறு வெட்டினார். 1896-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது தாமே சென்று, பட்டினியால் எலும்பும் தோலுமான பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிவந்தார். 1900-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2000 பேர் அங்கே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சோளமும் பருப்பும் சமைக்கவேண்டும், துணி நெய்யவேண்டும், எழுத்துக் கற்றுக்கொடுக்கவேண்டும். விவசாயமும் எண்ணெய்ச் செக்கும் நெசவும் அச்சகமும் பெண்களின் கைகளால் நடந்தன.

1905-ன் தொடக்கத்தில் ரமாபாய், எழுப்புதலுக்காக ஜெபிக்க முன்வருவோர் யார் என்று கேட்டார். எழுபது பேர் வந்தார்கள். நாளொன்றுக்கு இருமுறை கூடினார்கள். அந்தத் தொகை 550 ஆகப் பெருகியது. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில், அதிகாலை இருளில், சிறுமிகள் உறங்கும் கூடத்தில் அது தொடங்கியது. ஒரு பெண்ணின்மேல் அக்கினி இறங்குவதைக் கண்ட இன்னொருத்தி, அவள் உண்மையாகவே எரிகிறாள் என்றெண்ணி, அணைப்பதற்குத் தண்ணீர் வாளியை எடுக்க ஓடினாள் என்று அங்கே ஊழியம் செய்த மின்னி ஏப்ராம்ஸ் அம்மையார் எழுதியிருக்கிறார். பாவ அறிக்கையும் கண்ணீரும் பெருமகிழ்ச்சியும் வாரக்கணக்கில் நீடித்தன. அசூசா தெருக் கூட்டங்கள் 1906-ல் தொடங்கின என்பதை எண்ணினால், நம் நாட்டுப் பெண்பிள்ளைகளின் படுக்கைக்கூடம் அதற்கு முந்தியது. இதைச் சொல்லாமல் நமக்கே நாம் அநியாயம் செய்துவிட்டோமோ என்று சிலவேளை நினைப்பதுண்டு.

நான் நெடுநேரம் யோசித்தது வேறொன்றைக்குறித்து. ஜூன் மாதத்து அக்கினியை ரமாபாயால் உண்டாக்கியிருக்க முடியாது. ஜனவரி மாதத்து ஜெபக்கூட்டத்தையோ அவரே கூட்டினார். அக்கினி இறங்கிய மறுநாளும் 2000 பேருக்கு யாரோ மாவு அரைத்தார்கள். எழுப்புதல் பெற்ற பெண்கள் சிறுகுழுக்களாகச் சுற்றுக்கிராமங்களுக்கு நடந்து சென்றார்கள். ரமாபாய் தாமும் எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும்படி எபிரெயுவும் கிரேக்கும் கற்று, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதில் உழைத்தார். காது கேட்பது மங்கியது. 1921-ல் ஒரே மகள் மனோரமாவைப் பறிகொடுத்தார். அச்சுப்படிகளைத் திருத்தி முடிக்கும் தறுவாய்வரை வேலை செய்து, 1922 ஏப்ரல் 5-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எபிரெய இலக்கணம் பரிசுத்த ஆவியானவரால் ஒரே இரவில் அவருக்கு அருளப்படவில்லை. அவர் உட்கார்ந்து படித்தார்.

வனாந்தரத்து மன்னாவைக்குறித்த யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை நான் இதன்பின்பே சரியாக வாசித்தேன். அப்பத்தை வரவழைக்க இஸ்ரவேலரில் ஒருவனாலும் கூடாது. ஆனாலும் அது ஒருவன் வாயிலும் வந்து விழவில்லை. விடியற்காலத்தில் எழுந்து, குனிந்து, ஆளுக்கு ஓர் ஓமர் அளவு சேர்க்கவேண்டும். வெயில் ஏறினால் உருகிப்போகும். நேற்றைய மன்னாவை வைத்திருந்தால் பூச்சி பிடிக்கும். எழுபது நாளைக்கு முந்திய உபவாசக் கூட்டத்தின் வல்லமையை வைத்துக்கொண்டு இன்றைய மாலையைச் சந்திக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? ஏழாம் நாளில் சேர்க்கப்போனவர்கள் ஒன்றையும் காணவில்லை என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. வாரம் ஏழு நாளும் ஓவர்டைம் பார்த்து, ஊழியத்தையும் அதே வேகத்தில் ஓடிச் செய்கிற நம்மைப்போன்றவர்களுக்கு, பிரயாசமே கீழ்ப்படியாமையாகிவிடும் நாளும் உண்டு.

ஒரு சகோதரி என்னிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது. காலை நான்கு மணிக்குக் குழாயடியில் வரிசை, ஐந்தரைக்குச் சமையல், ஏழு மணிக்கு வீட்டுவேலைக்கு ஓட்டம். ஒரு மணிநேர அதிகாலை ஜெபம் இல்லாததால் தேவன் தன்மேல் கோபமாயிருக்கிறார் என்று பல ஆண்டுகள் பயந்திருந்தாராம். இப்போது குடம் நிறையும்வரை வரிசையில் நின்றபடியே ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி ஜெபிக்கிறார். அவருக்கு எட்டிய ஓமர் அளவு அது. அதைவிடப் பெரிய கூடையை அவர் தலையில் ஏற்றுவதற்கு நாம் யார்?

ஆறு மணிக்குப் பட்டறை விடும்போது

அந்தச் சகோதரரின் கேள்விக்குத் திரும்புகிறேன். அதற்குப் பதில் கொண்டுவந்தவர் எங்கள் போதகர் ஐயா. அவர் வீட்டுக்கு வந்ததும் பிரசங்கிக்கவில்லை. பட்டறையிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக வருகிறீர்கள் என்று கேட்டார். அந்தச் சந்தில் மூன்று மதுக்கடைகள் இருப்பது தெரியவந்தது. இரயில்பாதைக்கு மேலுள்ள நடைபாலத்தின் வழியாகச் சுற்றினால் எத்தனை நிமிடம் அதிகம் ஆகும் என்று கேட்டார். பதினைந்து நிமிடம். "இனி அதுதான் உங்கள் வழி. பாலத்தில் ஏறும்போது ஜெபியுங்கள்" என்றார். சம்பளத்தை மனைவியின் கையில் கொடுக்கும்படி முதலாளியிடம் அவரே போய்ப் பேசினார். ரோமர் 13:14-ல் கர்த்தராகிய இயேசுவைத் தரித்துக்கொள்வதும், இச்சைக்கு இடமாக மாம்சத்துக்கு ஏற்பாடு செய்யாதிருப்பதும் ஒரே வசனத்தில் இருப்பதை அன்று எங்களுக்கு எடுத்துக்காட்டினார். மூன்று கடைகள் உள்ள சந்தில் சம்பளப் பணத்தோடு நடப்பது மாம்சத்துக்குச் செய்துகொடுக்கும் ஏற்பாடுதானே.

குடியை நிறுத்திய இரண்டாம் நாளே சகோதரருக்குக் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் உண்டாயின. சிலர் இதைப் பிசாசின் போராட்டம் என்றார்கள். போதகர் ஐயா தாமதிக்காமல் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றார். நெடுங்காலம் அதிகமாய்க் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தும்போது முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் விளக்கினார். வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது இந்நிலை இருந்தால் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்: மருத்துவரிடம் காட்டுவது அவிசுவாசமல்ல. ஐயா கட்டிலருகே நின்று தலையில் கைவைத்து ஜெபிக்கவும் செய்தார். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவும் செய்தார்.

லாசருவை உயிரோடெழுப்பினவர், கல்லைப் புரட்டவும் கட்டுகளை அவிழ்க்கவும் அருகே நின்றவர்களுக்குக் கட்டளையிட்டார் (யோவான் 11:39,44). எனக்கு அந்தக் கட்டவிழ்க்கும் வேலையில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது. சம்பள நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பட்டறை வாசலில் நின்று, அவரோடு பாலத்தின்மேல் நடந்துவர வேண்டும். அவ்வளவுதான். ஆலோசனை சொல்லச் சுலபமாக இருந்த எனக்கு, மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து முன்னதாக அனுமதி கேட்டு வருவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்ச்சாட்சியாகும். முதல் ஆண்டில் அவர் இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை விழுந்தபோது, மறைந்துகொள்ளாமல் அவரே மறுநாள் காலையில் மண்டபத்துக்கு வந்து, ஆராதனைக்கு முன்பு தரையைப் பெருக்கிப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, "நேற்று வழி தவறிவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். இருபத்தொரு நாள் உபவாசம் சொன்ன அந்த மூப்பர் அவரைத் தழுவிக்கொண்டார். அவர்கள் இருவரும் சேர்ந்தே மீதிப் பாய்களை விரித்தார்கள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சம்பள நாளன்று புறநகர் இரயில்கள் மழையால் நின்றுபோயின. என்னால் பட்டறை வாசலுக்குப் போய்ச்சேர முடியவில்லை. கைப்பேசியிலும் அவர் கிடைக்கவில்லை. நின்றுகொண்டிருந்த பெட்டியில் நானும் நின்றபடி ஜெபித்துக்கொண்டேயிருந்தேன். இரவு ஒன்பதரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணாச்சி, பாலத்துப் படியிலே முழங்கால் அளவு தண்ணீர். ஆனாலும் அந்த வழியாகத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார்.